முதல் மரியாதை எஞ்சினுக்கு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்றொரு நகரம். அந்த ஊர்க் குழாய்த் தண்ணீருக்காக அரும்பாடுபட்ட பெருமக்களுக்கு, இத்தனை ஆண்டுகளாகியும் யாரும் ஒரு பாராட்டு விழா எடுக்கவில்லை. ஏறத்தாழ 1,00,000 பேருக்கு ஒன்றரை ஆண்டு அரிக்கும் தண்ணீரை அனுப்பி, அதில் ஈயத்தையும் கரைத்துக் கொடுத்து, மாதம் தவறாமல் கட்டணமும் வசூலித்து, கேட்டவர்களிடம் நல்ல தண்ணீர்தான் என்று சாதித்து, கடைசியில் ஒருவர்கூடச் சிறைத்தண்டனை அனுபவிக்காமல் வீடு திரும்புவது சாமானியர்களால் ஆகிற காரியமா? ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தக்கூட நாதியில்லையே! அந்தப் பாவம் நம்மைச் சேர வேண்டாம். மேடை போட்டாயிற்று, மைக் செட்டும் வந்தாயிற்று. ஒவ்வொருவராக அழைப்போம்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1908இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பிறந்த மண் அது. 1960 வாக்கில் 2 லட்சத்தை நெருங்கிய மக்கள்தொகை, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபின் பாதியாகிப்போனது. வேலை போனது, வரி போனது, நகராட்சிக் கஜானாவும் காலி. அங்கே ஆளுநர் என்றால் தேர்தலில் வென்று மாநிலத்தை ஆள்பவர். 2011இல் அந்த நாற்காலிக்கு ரிக் ஸ்னைடர் வந்தார். கணக்காளர் படிப்பு, கணினி நிறுவனத்தை நடத்திய அனுபவம். கடனாளி ஊருக்கு மேயர் எதற்கு, மன்றம் எதற்கு என்று ‘அவசரகால மேலாளர்’ என ஒருவரை ஃபிளின்டுக்கு அனுப்பினார். மேலாளர் கையெழுத்துப் போட்டால் போதும். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் சபையில் பூச்சாடி.

இந்த அவசரகால மேலாளர் சட்டம் வேண்டாம் என்று 2012 நவம்பரில் மிச்சிகன் மக்கள் பொதுவாக்கெடுப்பில் தூக்கி எறிந்தார்கள். மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்பார்கள். மகேசன் தீர்ப்புக்கும் மாற்றுவழி உண்டு என்று கண்டுபிடித்தவர்கள் மாநிலத் தலைநகர் லான்சிங்கின் சட்டமன்றத்தார். அடுத்த மாதமே அதே சட்டத்துக்கு வேறு சட்டை மாட்டிக் கொண்டுவந்தார்கள். கூடவே கொஞ்சம் நிதி ஒதுக்கீட்டையும் அதில் செருகினார்கள். நிதி ஒதுக்கும் சட்டத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு விட முடியாது என்பது அம்மாநில அரசியல் சட்டம். வாக்குச்சீட்டாலேயே மூக்குத் துடைத்துப் போட்ட இந்த மேதைகளுக்கு முதல் பொன்னாடை.

அடுத்து மேலாளர்கள். ஒருவரா இருவரா, சில ஆண்டுகளுக்குள் நாலைந்து பேர் மாறி மாறி வந்தார்கள். 1967 முதல் ஃபிளின்ட் மக்கள் குடித்தது டெட்ராய்ட் நகரம் சுத்திகரித்து அனுப்பிய ஹியூரான் ஏரித் தண்ணீர். விலை அதிகம் என்றது கணக்கு. ஏரியிலிருந்து நேரடியாக ஒரு புதிய குழாய் வந்துகொண்டிருந்தது. அது வந்து சேரும்வரை ஊருக்குள் ஓடும் ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரையே கொடுத்தால் இரண்டு ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் டாலர் மிச்சம் என்று முடிவானது. ஆற்றுத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும் குணமுடையது. ஊரின் பழைய வீட்டு இணைப்புகள் பலவும் ஈயக் குழாய்கள். ஏரித் தண்ணீரில் சேர்த்துவந்த பாஸ்பேட், குழாயின் உட்சுவரில் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து ஈயத்தை வெளியே விடாமல் காத்துவந்தது. ஆற்றுத் தண்ணீரிலும் அதைச் சேர்த்திருந்தால் நாளொன்றுக்குச் சுமார் 100 டாலர் செலவு என்று பிறகு வல்லுநர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஒரு நகரத்துக்கே ஒரு நாளைக்கு 100 டாலர். சேர்க்கவில்லை.

ஏன் சேர்க்கவில்லை? இங்கேதான் மாநிலத்தின் ‘சுற்றுச்சூழல் தரத் துறை’ மேடையேறுகிறது. முதலில் ஆறாறு மாதமாக இரண்டு சுற்றுத் தண்ணீரைக் கொடுத்துப் பார்ப்போம், ஈயம் எவ்வளவு வருகிறது என்று அளப்போம், தேவைப்பட்டால் பிறகு மருந்து சேர்க்கலாம் என்று விதிக்கு விளக்கம் எழுதியது அந்தத் துறை. ஆய்வகத்தில் எலிக்குக் கொடுப்பதென்றால்கூட முன்அனுமதி கேட்கும் நாடு அது. இங்கே அனுமதியும் கேட்கவில்லை, எலிக்கும் கொடுக்கவில்லை. கைக்குழந்தையின் பால் புட்டியிலேயே நேரடிப் பரிசோதனை.

2014 ஏப்ரல் 25. நல்ல நாள், நல்ல நேரம். மேயர் டெய்ன் வாலிங் பொத்தானை அழுத்தி டெட்ராய்ட் தண்ணீரை நிறுத்தினார். சுற்றி நின்ற அதிகாரிகள் ஆற்றுத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குவளைகளை உயர்த்தி ஊருக்கு வாழ்த்துச் சொல்லிக் குடித்தார்கள். புகைப்படம் எடுத்தார்கள். அன்று ஒரு மடக்குக் குடித்தவர்களுக்கும் ஆளுக்கொரு கேடயம் உண்டு.

குழாயில் பழுப்பாக வந்தது, மஞ்சளாக வந்தது, நாறியது. குளித்தால் தோலில் தடிப்பு, தலையைத் துவட்டினால் துண்டோடு முடி. மக்கள் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்து காட்டினார்கள். அந்தக் கோடையிலேயே மலக்கிருமி தென்பட்டது. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அறிவிப்பு வந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயம் சாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கெட்டிப்படும். கிருமியைக் கொல்லக் குளோரினை ஏற்றினார்கள். குளோரின் ஆற்றிலிருந்த மக்கிய பொருளோடு சேர்ந்ததில் டிரைஹாலோமீத்தேன் என்ற வேதிப்பொருள் வரம்பு மீறியது. புற்றுநோயோடு தொடர்புடையது அது. 2015 ஜனவரியில் அதற்கும் ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தது, தண்ணீர்க் கட்டண ரசீது வருகிற அதே விலாசத்துக்கு.

இப்போது விழாவின் தலைமை விருந்தினர். எல்லாரும் எழுந்து நில்லுங்கள். 2014 அக்டோபரில், ஃபிளின்டில் மிச்சமிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை ஒரு புகார் சொன்னது: இந்தத் தண்ணீரில் குளோரைடு அதிகம், எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன. ‘நிதானமாக இருங்கள்’ என்று எஞ்சினிடம் யாரும் சொல்லவில்லை. உனக்கு ஏற்கெனவே தோல் வியாதி இருக்குமோ என்று கேட்கவில்லை. இரண்டு சுற்றுச் சோதனைக்குக் காத்திரு என்று விதியைக் காட்டவில்லை. பக்கத்து ஊராட்சியிலிருந்து பழைய ஏரித் தண்ணீரையே வாங்கிக்கொள்ள ஆலைக்கு வழிவிட்டார்கள். நகராட்சிக்கு ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் டாலர் வருமான இழப்பு. பரவாயில்லை என்றார்கள். மக்களுக்காக ஒரு நாளைக்கு 100 டாலர் செலவழிக்க மனம் வராத ஊர், எஞ்சினுக்காக ஒரு நாளைக்கு 1,000 டாலருக்கு மேல் விட்டுக்கொடுத்தது. முதல் மரியாதை என்றால் இதுதான். பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, தீர்த்தத்தை மட்டும் வேறு கோயிலிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வார்ப்பு இரும்பை அரிக்கிற தண்ணீர் மனிதக் குடலை என்ன செய்யும் என்று கேட்க ஓர் அதிகாரிக்கும் தோன்றவில்லை. ஓராண்டு முழுக்க அந்த ஊரில் எஞ்சின்கள் நல்ல தண்ணீரிலும், எஞ்சின் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆற்றுத் தண்ணீரிலும் குளித்தார்கள். எஞ்சினுக்கு ஷோரூமில் ஒரு விலை இருந்தது, வாங்க ஓர் ஆள் இருந்தார். பிள்ளைகளை யாரும் ஷோரூமில் வைத்து விற்கவில்லை. அது ஒன்றுதான் அவர்கள் பக்கத்துக் குறை.

பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்றும் சொல்லிவிட வேண்டும். ஊரில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். பத்துப் பேரில் நாலு பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. கேட்கக் கூடாததைக் கேட்டவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன நீதி நமக்குத் தெரியும். அதற்கு அடுப்பு வேண்டும், கரண்டி வேண்டும், ஊற்றுகிறவன் முகம் வெளியே தெரியும். ஃபிளின்டில் அந்தச் சிரமமெல்லாம் இல்லை. குழாயைத் திறந்தால் ஈயம் தானே வாய்க்கு வந்தது. ஊற்றியவர்கள் ஐம்பது மைல் தள்ளிக் குளிரூட்டிய அறையில் கோப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குளிர்ந்த அறை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2015 ஜனவரியில், ஃபிளின்டில் இருந்த மாநில அரசு அலுவலகத்தில் ஊழியர்களுக்கென்று சுத்திகரித்த தண்ணீர் கூலர்களை மாடிக்கு மாடி கொண்டுவந்து வைத்தார்கள். ஊர்த் தண்ணீரைக் குடிக்க விரும்பாதவர்கள் இதைக் குடிக்கலாம் என்று ஏற்பாடு. அதே மாநில அரசு, அதே வாரங்களில், அதே ஊர் மக்களிடம் தண்ணீர் பாதுகாப்பானது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கூலருக்குக் கட்டாயம் ஒரு சந்தன மாலை. அந்த மொத்த நிர்வாகத்திலும் உண்மையைப் பேசியது அது ஒன்றுதான்.

டெட்ராய்ட் நகரம் பழைய இணைப்பைத் திரும்பத் தருகிறோம், 40 லட்சம் டாலர் மறுஇணைப்புக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கிறோம் என்று அந்த ஜனவரியிலேயே முன்வந்தது. மேலாளர் வேண்டாம் என்றார். மார்ச்சில் நகர மன்றம் 7க்கு 1 என்ற கணக்கில், டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்புவோம் என்று வாக்களித்தது. மேலாளர் ஜெரி அம்ப்ரோஸ் அந்த வாக்கெடுப்பைத் தன் புத்திக்கு எட்டாத செயல் என்று சொல்லித் தள்ளிவைத்தார். எட்டவில்லை என்றதை நம்புகிறோம். ஆற்றுத் தண்ணீர் குழாய்க்கு வந்தபோது பதவியிலிருந்த முந்தைய மேலாளர் டார்னெல் எர்லி அதற்குள் டெட்ராய்ட் பள்ளிகளின் மேலாளராகப் பொறுப்பேற்றுப் போய்விட்டார். தண்ணீரைக் கவனித்தாயிற்று, அடுத்து பள்ளிக்கூடம்.

சோதனை முடிவுகளுக்கு வருவோம். தண்ணீரில் ஈயம் நூறு கோடிப் பங்கில் 15ஐத் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. 2015இன் முதல் பாதியில் ஃபிளின்டில் 71 மாதிரிகள் எடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் 18 வந்தது. உடனே இரண்டு மாதிரிகள் பட்டியலிலிருந்து நீங்கின. ஒன்று வடிகட்டி வைத்த வீடாம். இன்னொன்று தகுதியான குடியிருப்பே இல்லையாம். மறுபடியும் கணக்கிட்டார்கள்: 11. தண்ணீரில் ஒரு துளிகூட மாறவில்லை. தாளில் மட்டும் சுத்தமாகிவிட்டது. மாதிரி எடுப்பதற்கு முந்தைய இரவே குழாயைச் சில நிமிடம் திறந்துவிடுங்கள் என்றும் மக்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தேங்கிய ஈயமெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும், ஆய்வகத்துக்கு மிச்சம்தான் வரும். எந்த வீட்டுக்கு ஈயக் குழாய் என்ற விவரம் 45,000 அட்டைகளில் பென்சிலும் மையுமாகக் கிடந்தது; அதைப் புரட்டவும் ஆளில்லை. கோடிக்கணக்கில் செலவழித்துச் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் ஊர்களே, ஓர் அழிப்பானில் முடிகிற வேலை இது.

பட்டியலிலிருந்து நீக்கிய அந்த வடிகட்டி வீட்டில் ஒரு தாய் விடாமல் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தார். முதலில் 104. அடுத்து 397. வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் பொறியாளர் மார்க் எட்வர்ட்ஸ் சோதித்த மாதிரிகளில் அதிகபட்சம் 13,200. ஈயம் 5,000ஐத் தாண்டினால் அமெரிக்கச் சட்டத்தில் அந்தத் திரவத்துக்கு ‘அபாயக் கழிவு’ என்று பெயர். லாரியில் ஏற்றவே உரிமம் வேண்டும். அதைச் சமையலறைக்கே கொண்டுவந்து தந்தது நகராட்சி.

கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் மிகுவேல் டெல் டோரல் என்ற நிபுணர், பூச்சு மருந்தே சேர்க்கவில்லை என்று 2015 ஜூனில் குறிப்பு எழுதினார். அது வெளியே வந்ததும் அவருடைய மண்டலத் தலைவர் மேயரிடம் வருத்தம் தெரிவித்தார். மக்கள் ஈயம் குடித்ததற்காக என்று நினைத்துவிடாதீர்கள். சரிபார்க்காத குறிப்பு வெளியே போனதற்காக. மாநிலத் துறையின் செய்தித் தொடர்பாளர் வானொலியில், ஈயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நிதானமாக இருக்கலாம் என்றார். நாட்டில் எத்தனையோ தாலாட்டு உண்டு. இப்படி ஒரு தாலாட்டை எந்தத் தாயும் பாடியிருக்க மாட்டாள்.

செப்டம்பரில் ஹர்லி மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்த ரத்தச் சோதனைகளை எடுத்து வைத்தார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரத்தத்தில் ஈயம் மிகுந்தவர்களின் விகிதம், தண்ணீர் மாறியபின் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. எண்களை வெட்டி ஒட்டியிருக்கிறார், பீதியைக் கிளப்புகிறார் என்றது அரசு. ஒரு சில நாளில் அரசே அதே கணக்கைப் போட்டுப் பார்த்து அதே விடையைக் கண்டது. 2015 அக்டோபர் 16இல் ஏரித் தண்ணீர் திரும்பி வந்தது. எஞ்சினுக்குக் கிடைத்து ஓராண்டு கழித்து மனிதர்களுக்கும் கிடைத்தது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. மூளையில் அது செய்ததைத் தண்ணீரை மாற்றி எடுக்க முடியாது.

இதற்கிடையில் லெஜியோனெல்லா என்ற கிருமியால் வரும் நுரையீரல் நோய் 2014, 2015 ஆண்டுகளில் அந்த மாவட்டத்தில் பரவியது. அரசுக் கணக்கிலேயே 12 பேர் இறந்தார்கள். ஆளுநர் அதை மக்களுக்கு அறிவித்தது 2016 ஜனவரியில். செத்தவர்கள் செய்தி கேட்டுப் பீதியடையக் கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம்.

விஷத்துக்கு விலையும் உண்டு. நாட்டிலேயே மிக அதிகமான தண்ணீர்க் கட்டணம் செலுத்திய ஊர்களில் ஃபிளின்ட் ஒன்று. குடிக்க முடியாத தண்ணீருக்குப் பாக்கி வைத்தார்கள் என்று 2017இல் 8,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு, கட்டாவிட்டால் வீடே கைவிட்டுப் போகலாம் என்று நோட்டீஸ் போனது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இன்னொரு திருப்பணி. மிச்சிகனின் நிலத்தடியிலிருந்து நிமிடத்துக்கு 250 காலனுக்குப் பதில் 400 காலன் உறிஞ்சிப் பாட்டிலில் அடைத்து விற்க நெஸ்லே நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. மக்கள் கருத்துக் கேட்டார்கள். எதிர்த்தவர்கள் 80,945 பேர், ஆதரித்தவர்கள் 75 பேர். அனுமதி கிடைத்தது. அரசுக்கு நெஸ்லே கட்டிய கட்டணம் ஆண்டுக்கு 200 டாலர். அதே வாரம், ஃபிளின்ட் மக்களுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த பாட்டில் தண்ணீரை மாநில அரசு நிறுத்தியது. 75 பேருடைய குரல் 80,945 பேருடைய குரலை விடப் பெரிது என்று காட்டிய அந்தக் கூட்டல் கணக்குக்கு ஒரு தங்கப் பதக்கம்.

கடைசியாக நீதி. 2021 ஜனவரியில் ஸ்னைடர் உட்பட ஒன்பது பேர் மீது குற்றச்சாட்டு வந்தது. அவர் மீது கடமையை வேண்டுமென்றே கைவிட்டதாக இரண்டு சிறு குற்றங்கள். உச்ச தண்டனை ஓராண்டுச் சிறை, 1,000 டாலர் அபராதம். அதுவும் நிலைக்கவில்லை. ஒரே ஒரு நீதிபதி தனியே உட்கார்ந்து சாட்சி கேட்டுக் குற்றம் சாட்டியது செல்லாது என்று 2022 ஜூனில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். ஒரே மனிதர் ஒரு நகரத்தையே ஆளலாம், எந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்று 1,00,000 பேருக்கு ஆணையிடலாம்; ஒரே நீதிபதி மட்டும் குற்றம் சாட்டக் கூடாது. 2023 அக்டோபரில் அரசுத் தரப்பு வழக்கை மூட்டை கட்டியது. இதற்கெல்லாம் முன்பே, 2019இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஸ்னைடருக்கு ஆய்வாளர் இடம் கொடுத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அவரே விலகிக்கொண்டார். ஆளுகை பற்றிப் பாடம் எடுக்க அவரை விட்டால் ஆள் யார்?

62.6 கோடி டாலர் இழப்பீட்டுக்கு 2021இல் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. 2020க்குள் ஈயக் குழாய்களை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்ட வேலை 2025இல்தான் முடிந்தது; சுமார் 11,000 குழாய்கள். மிச்சப்படுத்தப் போனது 50 லட்சம், செலுத்த ஒப்புக்கொண்டது 62.6 கோடி. கணக்காளர் ஆட்சியின் கணக்கு இது. இந்தத் தொகையும் எந்த மேலாளரின் சட்டைப் பையிலிருந்தும் வரவில்லை. பெரும்பகுதி அரசுப் பணம். ஈயம் குடித்தவர்களும் கட்டிய வரி அதில் இருக்கிறது.

நிர்வாகத் தவறு, தகவல் பரிமாற்றக் குறைபாடு, துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு இல்லை என்றெல்லாம் இதற்குப் பெயர் சூட்டுகிறார்கள். பொய். அந்த நிர்வாகத்துக்குக் காது நன்றாகவே கேட்டது. எஞ்சின் முனகியபோது கேட்டது. ஊழியர்களுக்குத் தாகம் எடுத்தபோது கேட்டது. பாட்டில் கம்பெனி கேட்டபோது கேட்டது. தாய்மார்கள் கத்தியபோது மட்டும் இரண்டாம் சுற்றுச் சோதனை தேவைப்பட்டது. யாருடைய உயிர் நாளொன்றுக்கு 100 டாலர் பெறும், யாருடையது பெறாது என்று தெரிந்தே போட்ட கணக்கு அது. அதைக் கொலைக் கணக்கு என்று சொல்ல நாக்குக் கூசுகிறவர்கள், அந்தத் தண்ணீரில் ஒரு குவளை குடித்துவிட்டு வந்து பேசட்டும்.

ஆகவே குழாயில் வரும் தண்ணீர் நல்லதா என்று அறிய விரும்புகிறவர்கள் அரசின் சோதனை அறிக்கையைத் தேடி அலைய வேண்டாம். அறிக்கையில் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் மேசையில் என்ன தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு ஆய்வகம் வேண்டாம், கருவி வேண்டாம், இரண்டு சுற்றும் வேண்டாம். வாசலில் நிற்கும் காவலாளி உள்ளே விட்டால் போதும்.